பாண்டிய நாட்டில் குதிரைப் பேணலும் நோய்ப் பராமரிப்பும்: அயலவர் குறிப்புகளின் மறுவாசிப்பு

ஆய்வுச் சுருக்கம்

கி.பி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டிற்குக் கடல்வழியாக வந்த குதிரைகள் பெருமளவில் இறந்தன என்றும், அவற்றைப் பேணும் முறையை அந்நாட்டார் அறியாமையே அதற்குக் காரணம் என்றும் மார்கோ போலோவும் வசாப்பும் எழுதியுள்ளனர். இக்கூற்று பிற்கால வரலாற்று நூல்கள் பலவற்றில் ஆய்வின்றி எடுத்தாளப்படுகிறது. இக்கட்டுரை அவ்விருவரின் குறிப்புகளையும் அசுவ சாத்திர மரபு, வணிக ஒப்பந்த முறை, பிற்காலக் கால்நடை மருத்துவ அறிவு ஆகியவற்றோடு ஒப்பிட்டு ஆராய்கிறது. ஆண்குதிரைகளை விதை நீக்காமல் பேணிய வழக்கம் கொட்டில் முறையையும் குதிரைகளின் உடல்நலத்தையும் எவ்வாறு பாதித்திருக்கக் கூடும் என்பதும் ஆராயப்படுகிறது. குதிரைகள் இறந்தமைக்குக் கவனிப்பின்மையைக் காட்டிலும் தட்பவெப்பத்திற்குப் பொருந்தாத மிகைக் கவனிப்பும், விற்பவர்க்கு இழப்பில்லாத ஒப்பந்தமும் காரணங்களாகலாம் என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: குதிரை வணிகம், பாண்டியர், மார்கோ போலோ, வசாப், அசுவ சாத்திரம், அர்த்தசாத்திரம், கொட்டில், விதை நீக்கம்.

முன்னுரை

தமிழகத்தின் இயற்கை குதிரை வளர்ப்பிற்கு ஏற்றதன்று. பரந்த புல்வெளியும் வறண்ட குளிர்காற்றும் வேண்டும் விலங்கு, நெல் விளையும் ஈரநிலத்தில் இயல்பாகப் பெருகுவதில்லை. எனவே சங்க காலம் முதலே குதிரை இங்கு வந்தேறிய விலங்காகவே இருந்தது. கடல்வழியாகக் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகளும், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் குதிரைச் சேவகரும் இடம்பெறுகின்றனர். வாங்குதல், விற்றல், போரில் செலுத்துதல் ஆகிய மூன்றுக்கும் சான்றுகள் உள்ளன. ஆனால் கொட்டிலில் நின்ற குதிரையை அன்றாடம் தேய்த்துக் கழுவியவர், அது நோயுற்றபோது உடனிருந்து பார்த்தவர் ஆகியோரைப் பற்றிய தமிழ்ச் சான்றுகள் மிகக் குறைவு.

இவ்வெற்றிடத்தை அயலவர் குறிப்புகளே நிரப்பியுள்ளன. அவை புகழ்ச்சியாக அமையவில்லை. பாண்டிய நாட்டார் குதிரையைப் பேணத் தெரியாதவர் என்பதே அவற்றின் சாரம். எழுதியோர் இருவரும் குதிரை மரபில் தோய்ந்த நாடுகளை அறிந்தவர்கள். அவர்களின் கூற்றை முழுதும் ஒதுக்கவும் இயலாது. அப்படியே ஏற்கவும் இயலாது. அதில் எது கண்ட செய்தி, எது கூறப்பட்ட காரணம் எனப் பிரித்தறிவதே இங்கு மேற்கொள்ளப்படும் முயற்சி.

மார்கோ போலோவின் கூற்று

மார்கோ போலோ ஏறத்தாழ 1293இல் சோழமண்டலக் கரையை அடைந்தபோது முதலாம் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சி செய்துகொண்டிருந்தான். மாபார் என்று அரபு வணிகர் அழைத்த இந்நாட்டை ஐந்து உடன்பிறந்த மன்னர் ஆண்டதாக மார்கோ போலோ எழுதுகிறார். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஈராயிரத்திற்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கினர் என்றும், ஆண்டிறுதியில் அவற்றுள் நூறு கூட எஞ்சுவதில்லை என்றும் அவர் குறிக்கிறார். ஒரு குதிரையின் விலை ஐந்நூறு சாகி எடையுள்ள பொன். ஹோர்முஸ், கீஷ், தோபார், ஷிஹ்ர், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து வணிகர் குதிரைகளைக் கொணர்ந்தனர். காயல் துறைமுகம் இவ்வணிகத்தின் முதன்மை வாயில்களுள் ஒன்றாக இருந்தது.

இறப்பிற்கு அவர் மூன்று காரணங்களைக் கூறுகிறார். முதலாவது, குதிரைக்கு மருத்துவம் செய்யவோ குளம்பைச் செப்பம் செய்யவோ தெரிந்தவர் அந்நாட்டில் இல்லை. இரண்டாவது, குதிரைக்கு வேகவைத்த அரிசியையும் இறைச்சியையும் சமைத்த பிற உணவுகளையும் கொடுக்கின்றனர். மூன்றாவது, குதிரைகள் இறந்தால்தான் மீண்டும் விற்க முடியும் என்பதால், குதிரை மருத்துவர் எவரும் அங்குச் செல்லாதவாறு வணிகர்கள் பார்த்துக்கொள்கின்றனர். உயர்ந்த ஆண்குதிரையையும் பெட்டையையும் இணைத்தாலும் கால் கோணிய, பயனற்ற குட்டியே பிறக்கிறது என்பதும் அவர் தரும் செய்தி.

இங்குச் சொல்லாராய்ச்சி ஒன்று தேவைப்படுகிறது. குதிரை மருத்துவரைக் குறிக்க இடைக்கால ஐரோப்பிய மொழிகளில் வழங்கிய சொல், இலாடம் அடிப்பவரையும் சேர்த்தே சுட்டியது. அங்கு இரு தொழில்களும் ஒருவர் கையில் இருந்தன. இந்திய மரபில் குதிரை வைத்தியமும் குளம்பு வேலையும் ஒரே தொழிலாக அமைந்திருக்க வேண்டும் என்பதில்லை. தம் நாட்டில் ஒருவராக இருந்த தொழிலாளியை இங்கு அதே வடிவில் காணாத பயணி, அத்தொழிலே இல்லை எனக் கருதியிருக்க வாய்ப்புண்டு.

வசாப்பின் கூற்று

வசாப் பாரசீகத்தில் அரசு வருவாய்த் துறையில் பணியாற்றியவர். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதியவர். பாரசீகத்தின் பார்சு பகுதியை ஆண்ட அத்தாபேக் அபூபக்கர் காலத்தில் மாபார், காம்பே முதலிய துறைகளுக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் குதிரைகள் அனுப்பப்பட்டன என்றும், அவற்றின் மதிப்பு 22 இலட்சம் தினார் என்றும் அவர் கூறுகிறார். கீஷ் தீவின் தலைவரான சமாலுதீன் தம் சொந்தக் குதிரைகளுள் 1,400 குதிரைகளை ஆண்டுதோறும் அனுப்புவதாகப் பாண்டியருடன் ஒப்பந்தம் செய்திருந்தார். அவருடைய உடன்பிறந்தார் தகியுதீன் பாண்டியர் அவையில் உயர்பொறுப்பு வகித்தார். குதிரை ஒன்றுக்கு 220 தினார் விலை. வழியில் இறந்த குதிரைக்கும் இவ்விலை கொடுக்கப்பட வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் கூறு.

குதிரைகள் பேணப்பட்ட முறையையும் வசாப் விரித்துரைக்கிறார். வறுத்த வாற்கோதுமையும் நெய் சேர்த்த தானியமும் உணவாகத் தரப்பட்டன. காய்ச்சிய பசும்பால் குடிக்கக் கொடுக்கப்பட்டது. முளையில் கயிற்றால் கட்டி நாற்பது நாள் கொட்டிலில் நிறுத்திக் கொழுக்கவைத்தனர். பின்னர் முறையான பயிற்சியின்றித் திடீரெனக் கடுமையாக ஓட்டினர். வலிவும் விரைவும் கொண்டு வந்த குதிரைகள் குறுகிய காலத்தில் தளர்ந்து பயனற்றுப் போயின.

வசாப் வருணிக்கும் குதிரை கவனிப்பாரற்று விடப்பட்டது அன்று. அந்நாட்டில் விலைமிக்க பொருள்களாகிய நெய்யும் பாலும் அதற்குத் தரப்பட்டன. புறக்கணிக்கப்பட்ட விலங்கிற்கு ஒருவரும் பால் காய்ச்சிக் கொடுப்பதில்லை. எனவே அவருடைய சான்றே ‘பேணத் தெரியாமை’ என்னும் அவருடைய முடிபோடு முரண்படுகிறது. பேணுதல் இருந்தது; அது எத்தகையது என்பதே வினா.

எண்ணிக்கைகளின் நம்பகம்

பத்தாயிரத்தை 220ஆல் பெருக்கினால் 22 இலட்சம் வருகிறது. ஆகவே வசாப் தரும் மொத்த மதிப்பு தனிக் கணக்கேட்டிலிருந்து பெறப்பட்டதாகத் தோன்றவில்லை. ஒற்றை விலையைப் பெருக்கிப் பெற்றதாகவே தோன்றுகிறது. மார்கோ போலோவின் கணக்கை ஏற்றால் ஐந்து மன்னரும் சேர்ந்து பத்தாயிரத்திற்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். ஆனால் வசாப்பின் பத்தாயிரம், காம்பே முதலிய பிற துறைகளையும் உள்ளடக்கியது. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருத்தல் அரிது.

இதனினும் வலிய மறுப்பு 1311ஆம் ஆண்டு நிகழ்வுகளில் கிடைக்கிறது. மாலிக் காபூர் தென்னகப் படையெடுப்பின் முடிவில் கொண்டுசென்ற பொருள்களுள் 5,000 குதிரைகள் இருந்தன என அமீர் குஸ்ரு எழுதுகிறார். பரணி தரும் எண் 20,000. இவற்றுள் துவாரசமுத்திரத்தில் பெற்ற குதிரைகளும் அடங்கும். குறைந்த எண்ணையே கொண்டு, அதிலும் ஒரு பகுதியைக் கழித்துவிட்டாலும், ஆண்டிறுதியில் நூறு கூட எஞ்சாத நாட்டில் இத்தனை குதிரைகள் கைப்பற்றப்பட்டிருக்க இயலாது. இறப்பு மிகுதி என்பது உண்மையாகலாம். ஏறத்தாழ முழுமையான அழிவு என்பது மிகைக்கூற்று.

அசுவ சாத்திர மரபில் பேணலும் நோய்ப் பராமரிப்பும்

மார்கோ போலோ பழிக்கும் உணவு முறை அறியாமையில் பிறந்ததன்று. கௌடிலியர் பெயரில் வழங்கும் அர்த்தசாத்திரத்தின் இரண்டாம் அதிகரணத்தில் குதிரைத் தலைவனுக்குரிய இயல் ஒன்று உள்ளது. அதில் உயர்ந்த வகைக் குதிரைக்கு நெல், வாற்கோதுமை முதலிய தானியங்களுள் ஒன்று அரைவேக்காடாக இரண்டு துரோண அளவில் விதிக்கப்படுகிறது. வேகவைத்த பயறு அல்லது உளுந்தும் மாற்றாகக் கூறப்படுகிறது. இவற்றோடு ஒரு பிரத்த அளவு எண்ணெய், ஐந்து பலம் உப்பு, ஐம்பது பலம் இறைச்சி, சாறு அல்லது தயிர் ஆகியனவும் சேர்க்கப்படுகின்றன. களைப்பு நீங்க மதுவோ, அதனினும் இருமடங்கு பாலோ தரலாம் என்றும் அந்நூல் கூறுகிறது. எனவே காயலிலோ மதுரையிலோ அரிசியையும் இறைச்சியையும் வேகவைத்த குதிரைப்பாகன், இந்திய அரச மரபு பல நூற்றாண்டுகளாக வகுத்திருந்த வழியிலேயே நின்றான் எனலாம்.

அதே இயல் கொட்டிலின் தூய்மையையும் வரையறுக்கிறது. ஒவ்வொரு குதிரைக்கும் அதன் நீளத்திற்கு ஒத்த சதுர இடம், வழவழப்பான பலகைத் தளம், தீவனத் தொட்டி, சிறுநீரும் சாணமும் வெளியேறும் வழி ஆகியன வேண்டும். குதிரை புரள நடுவில் திறந்த வெளி வேண்டும். பெட்டையையும் பொலிகுதிரையையும் குட்டியையும் தனித்தனியே நிறுத்த வேண்டும். நாளும் இருமுறை நீராட்ட வேண்டும். குதிரையைப் பிணிப்பவன், புல் கொணர்பவன், தீவனம் சமைப்பவன், கொட்டில் காப்பவன், மயிர் திருத்துபவன், நச்சு மருத்துவன் எனப் பணியாளர் வகைப்படுத்தப்படுகின்றனர்.

இவற்றுள் மயிர் திருத்துபவனின் பணி தமிழ் மரபிற்கும் புதிதன்று. பிடரிமயிர் கொய்யப்பட்ட குதிரையைக் குறிக்கும் ‘கொய்யுளை’, ‘கொய்சுவல்’ போன்ற சொற்கள் சங்க இலக்கியத்தில் பயில்கின்றன. இத்தொடர்கள் பெரும்பாலும் அழகு குறித்த அடைகளாகவே உரைக்கப்படுகின்றன. எனினும் பிடரிமயிர் தானாகக் கொய்யப்படுவதில்லை. ஒருவர் குதிரையின் அருகே நின்று, அது மிரளாமல் அமைதிப்படுத்தி, கருவி கொண்டு செய்த வழக்கமான பணியின் சுவடு அச்சொற்களில் பதிந்துள்ளது. குதிரையைப் பழக்கிப் பேணுவோரைக் குறிக்கும் ‘வாதுவர்’ என்னும் சொல்லும் இத்தொழில் மரபின் இருப்பைக் காட்டுகிறது.

நோயுற்ற குதிரையைப் பற்றிய அர்த்தசாத்திர விதிகள் தனிக் கவனம் பெறத்தக்கன. உடல் மெலிவையும் மிகையையும் சரிசெய்வதும், பருவத்திற்கேற்ப உணவை மாற்றுவதும் மருத்துவனின் கடமைகள். ஓய்வில் வைக்கும்படி மருத்துவன் கூறிய குதிரையில் ஏறுபவனுக்குப் பன்னிரு பணம் தண்டம். மருத்துவத்தின் பிழையால் நோய் முற்றினால் மருத்துவச் செலவின் இருமடங்கு தண்டம்; குதிரை இறந்தால் அதன் விலையே தண்டம். நோய்க்காலத்தில் அமைதி வேண்டி நீராசனச் சடங்கும் செய்யப்பட்டது. குட்டி ஈன்ற பெட்டைக்கு மூன்றிரவு நெய்யும், பின்னர்ப் பத்திரவு மாவும் எண்ணெயும் மருந்தும் தரும் முறையும் கூறப்பட்டுள்ளது.

இவ்விதிகளின் உள்ளீடு இரண்டு. ஒன்று, நோயுற்ற குதிரைக்கு முதல் மருந்து ஓய்வு. அவ்வோய்வு சட்டத்தால் காக்கப்பட்டது. மற்றொன்று, இறப்பிற்குப் பொறுப்பாளர் ஒருவர் உண்டு. இழப்பு அவரைச் சேரும். இவ்விரண்டாம் கூறு பாண்டியர் கால வணிகத்தோடு ஒப்பிடுகையில் முக்கியத்துவம் பெறுகிறது.

இம்மரபு வடபுலத்து அரசியல் நூலோடு நின்றுவிடவில்லை. சாலிகோத்திரர், நகுலர் ஆகியோர் பெயரில் குதிரை மருத்துவ நூல்கள் வழங்கின. சயதத்தரின் அசுவவைத்தியகமும் இவ்வகையினதே. விராடன் அவையில் நகுலன் குதிரைகாப்போனாகக் கரந்துறைந்த கதை தமிழ்ப் பாரதங்கள் வழியாகவும் பரவியது. நகுலர் பெயரிலான அசுவ சாத்திரம் தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தில் ஓவியங்களுடன் போற்றப்பட்டு 1952இல் அச்சேறியது. நூலறிவு தமிழ் மண்ணிலும் இருந்தது. அவ்வறிவு கொட்டிலில் பணிசெய்த பாகனை எவ்வளவு அடைந்தது என்பது வேறு வினா. வடமொழியில் ஏட்டில் இருந்த மருத்துவத்திற்கும் அன்றாடம் சாணம் அள்ளியவனின் பட்டறிவிற்கும் இடையே இடைவெளி இருந்திருத்தல் இயல்பே.

விதை நீக்காத குதிரையும் கட்டுமுறையும்

வசாப் குறிக்கும் நாற்பது நாள் கட்டுமுறையை விளங்கிக்கொள்ள, கொட்டிலில் நின்றது எவ்வகைக் குதிரை என்பதை அறிதல் வேண்டும். ஆண்குதிரையை விதை நீக்கிப் பயன்படுத்தும் வழக்கம் நடுவாசியப் புல்வெளி மக்களிடம் தொன்மையானது. சிதியரும் சர்மேசியரும் தம் குதிரைகளை எளிதில் அடக்குவதற்காக விதை நீக்கினர் என்று கிரேக்க நிலவியலாளர் இசுட்ராபோ எழுதுகிறார். விதை நீக்கப்பட்ட குதிரை கடிப்பதையும் துள்ளுவதையும் விடுகிறது. ஆயினும் போருக்குரிய ஆற்றலை இழப்பதில்லை என்பது செனபோனின் கருத்து. மங்கோலியப் படைகளும் விதை நீக்கிய குதிரைகளைப் பெருமளவில் பயன்படுத்தின. இதற்கு மாறாக, இந்திய அரச மரபு ஊக்கமும் செருக்கும் மிக்க ஆண்குதிரையையே பெரிதும் விரும்பியது. அர்த்தசாத்திரம் பெட்டை, பொலிகுதிரை, குட்டி ஆகிய மூன்றிற்கும் தனியிடம் வகுக்கிறதே அன்றி, விதை நீக்கிய குதிரைக்கெனத் தனிக் கொட்டில் வகுக்கவில்லை.

இவ்வேறுபாட்டின் விளைவு கொட்டிலில் வெளிப்படும். விதை நீக்கிய குதிரைகளை மந்தையாக மேயவிடலாம். விதை நீக்காத ஆண்குதிரைகளை ஒன்றாக விட்டால் அவை ஒன்றையொன்று கடித்தும் உதைத்தும் காயப்படுத்தும். எனவே அவை தனித்தனியே முளையில் பிணிக்கப்பட வேண்டும். மேய்ச்சல் நிலமும் குறைவாக உள்ள நாட்டில் இக்கட்டு நாள்முழுதும் நீடிக்கும். நாளின் பெரும்பகுதியை நடந்து மேய்வதில் கழிக்கும் இயல்புடைய விலங்கு, ஒரே இடத்தில் நின்று செறிந்த உணவை உண்ணும் நிலை இவ்வாறே உருவாகியிருக்க வேண்டும்.

விதை நீக்கிய குதிரைக்கும் அதற்கேயுரிய தூய்மைப் பணி உண்டு. அதன் குறியுறையினுள் தோல் எண்ணெயும் உதிர்ந்த செதிளும் அழுக்கும் கலந்து படியும். விதை நீக்கிய குதிரை குறியை முழுதும் வெளிநீட்டுவது குறைவாதலின் இப்படிவு எளிதில் நீங்குவதில்லை. சிறுநீர்த் துளையருகே உள்ள குழிவில் அது திரண்டு பயறுபோல் கட்டியாவதும் உண்டு. அப்போது சிறுநீர் பிரிந்து தெறிக்கும், குதிரை சிறுநீர் கழிக்கத் தயங்கும், உறை வீங்கும். வெதுவெதுப்பான நீரும் மென்மையான பஞ்சும் கொண்டு படிவை இளக்கி அகற்றி, நன்கு அலசிவிடுவதே உரிய பேணல். வன்மையான சவர்க்காரமும் மிகையான கழுவுதலும் புண்ணை உண்டாக்கும். குதிரையின் நம்பிக்கையைப் பெற்ற பாகனால் மட்டுமே இப்பணியைத் தீங்கின்றிச் செய்ய இயலும்.

பிரித்தானியக் குதிரைப்படை விதை நீக்கிய குதிரைகளையும் பெட்டைகளையும் பரவலாகப் பயன்படுத்தியமையால் இத்தகைய பணிகள் அப்படையின் கொட்டில் நடைமுறையில் இடம்பெற வேண்டியவையாயின. கொட்டிலில் செய்யப்படும் தூய்மைப் பணி, எவ்வகைக் குதிரை விரும்பப்பட்டது என்னும் பண்பாட்டுத் தேர்வைச் சார்ந்தது. எனவே ஒரு நாட்டின் பேணல் முறையை மற்றொரு நாட்டின் அளவுகோலால் அளந்து அதனை ‘அறியாமை’ என்பது வரலாற்று முறைமைக்கு ஒவ்வாது.

நோய்களின் இயல்பு: மருத்துவ நோக்கிலான விளக்கம்

அயலவர் கண்ட அறிகுறிகளைப் பிற்காலக் கால்நடை மருத்துவ அறிவுடன் ஒப்பிடுகையில் சில பொருத்தங்கள் புலனாகின்றன. இவை உறுதியான நோயறிதல்கள் அல்ல. சான்றுகளுக்கு இயைந்த விளக்கங்கள் மட்டுமே.

முதலாவது, செறிந்த மாவுச்சத்து உணவு. குதிரையின் இரைப்பை அதன் உடலளவிற்குச் சிறியது. உண்டதை அதனால் வாந்தியாக வெளியேற்ற இயலாது. மிகுதியான தானியம் செரிக்காமல் பெருங்குடலை அடைந்து புளிக்கும்போது வயிற்றுவலியும், அதனைத் தொடர்ந்து குளம்பினுள் அழற்சியும் தோன்றும். பல நாள் செறிந்த உணவுடன் ஓய்வில் நின்ற குதிரையைத் திடீரெனக் கடுமையாக ஓட்டினால் தசைகள் விறைத்துச் சிதையும், சிறுநீர் கருக்கும், குதிரை அசையவியலாது நின்றுவிடும். வசாப்பின் வருணனை இந்நிலையோடு வியப்புறும் வகையில் ஒத்துள்ளது.

இரண்டாவது, கால் கோணிய குட்டி. அரிசியிலும் தவிட்டிலும் சுண்ணாம்புச்சத்து குறைவு, எரியச்சத்து மிகுதி. இவற்றையே பெரிதும் உண்ணும் குதிரை தன் எலும்பிலிருந்து சுண்ணாம்புச்சத்தை இழக்கிறது. முகவெலும்பு பருத்தல், நொண்டல், எலும்பு நலிவு ஆகியன இதன் விளைவுகள். மார்கோ போலோ குறிக்கும் கால் கோணலுக்கு இக்குறைபாடு ஒரு காரணமாக இருந்திருக்கக் கூடும்.

மூன்றாவது, தட்பவெப்பம். ஈரவெப்ப நாடுகளுக்குக் கொணரப்படும் குதிரைகளுள் சில வியர்க்கும் ஆற்றலை இழக்கின்றன. வியர்வையின்றி உடல்வெப்பம் தணியாது. சிறு உழைப்பிலும் மூச்சிரைத்துச் சாயும். உண்ணிகளும் ஈக்களும் பரப்பும் குருதி நோய்களும் உண்டு. அவற்றுள் ஒன்றான சுர்ரா நோயின் நுண்ணுயிரை 1880இல் பஞ்சாபின் தேரா இசுமாயில்கானில் கிரிபித் இவான்சு கண்டறிந்தார். 13ஆம் நூற்றாண்டில் இந்நோயின் காரணத்தை அரேபியரும் அறியார், ஐரோப்பியரும் அறியார். குதிரை மருத்துவர் கப்பலில் வந்திருந்தாலும் இவ்வகை இறப்புகளைத் தடுத்திருக்க இயலாது.

நோயுற்ற குதிரையைப் பேணும் அடிப்படை நெறி காலந்தோறும் பெரிதும் மாறவில்லை. காற்றோட்டமுள்ள தனியிடம், உலர்ந்த படுக்கை, தூய நீர், செறிவு குறைந்த உணவு, ஆரவாரமின்மை, பழகிய ஒருவரின் உடனிருப்பு ஆகியனவே அதன் கூறுகள். இவற்றுள் ஓய்வும் தூய்மையும் இந்திய நூல்மரபில் தெளிவாக உள்ளன. உணவின் செறிவைக் குறைத்தல் என்னும் கூறே நடைமுறையில் தவறியிருக்க வாய்ப்புண்டு. விலைமிக்க விலங்கிற்கு விலைமிக்க உணவு தரவேண்டும் என்னும் நல்லெண்ணமே அதற்குக் கேடாக முடிந்தது எனலாம்.

இழப்பு யாருடையது: ஒப்பந்தத்தின் பங்கு

வணிகரே குதிரை மருத்துவரைத் தடுத்தனர் என்னும் மார்கோ போலோவின் கூற்றை மெய்ப்பிக்கத் தனிச் சான்று இல்லை. ஆனால் அத்தகைய நலமுரண் நிலவியது என்பதை வசாப் தரும் ஒப்பந்தச் செய்தி காட்டுகிறது. கடலில் இறந்த குதிரைக்கும் விலையுண்டு எனில், கப்பலில் நோயுற்ற குதிரையைப் பேணுவதில் வணிகருக்குப் பொருளியல் நோக்கம் இல்லை. இதே முறை விசயநகரக் காலத்திலும் தொடர்ந்தது. சாளுவ நரசிம்மர் குதிரைகளை உயிருடனோ இறந்தோ வாங்கினார் என்றும், கடலில் இறந்த குதிரையின் வாலை மட்டும் காட்டி விலை பெற்றனர் என்றும் போர்த்துக்கீசியரான நூனிசு எழுதுகிறார். குதிரை இறந்தால் பொறுப்பாளர் அதன் விலையைச் செலுத்த வேண்டும் என்ற அர்த்தசாத்திர விதி இங்குத் தலைகீழாயிற்று. இழப்பு முழுதும் அரசைச் சேர்ந்தது. குதிரைப்படை கொண்ட பகையரசர் சூழ்ந்திருந்த நிலையில் வாங்குவோர்க்கு வேறு வழியும் இருக்கவில்லை.

மாணிக்கவாசகர் வரலாற்றுடன் இணைந்த நரி பரியான கதையை இப்பின்னணியில் நோக்கலாம். திருவாதவூரடிகள் புராணமும் திருவிளையாடற் புராணமும் கூறும் இக்கதையில், பாண்டியனின் பொன்னுடன் குதிரை வாங்கச் சென்ற அமைச்சர் திருப்பெருந்துறையில் அதனை இறைபணிக்குச் செலவிடுகிறார். இறைவன் குதிரை வணிகனாக வந்து கயிறு மாற்றிக் கொடுக்கிறான். இரவில் புதிய குதிரைகள் நரிகளாகிப் பந்தியில் நின்ற பழைய குதிரைகளைக் கடித்துக் குதறுகின்றன. சமயப் பொருள் கொண்ட இக்கதையை வரலாற்றுச் செய்தியாகக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் கயிறு மாறியதும் உடைமையும் பொறுப்பும் வாங்கியவரைச் சேர்தல், பெரும்பொருள் கொடுத்து வாங்கியவை ஓரிரவில் இல்லாமற்போதல், புதியன வந்ததால் பழையனவும் கெடுதல் ஆகிய மூன்றும் குதிரை வாங்கிய சமூகம் நன்குணர்ந்த அச்சங்கள். புதிதாக வந்த விலங்கு கொட்டிலுக்குத் தொற்றைக் கொணர்வது கால்நடை பேணுவோர் அனைவரும் அறிந்தது. அக்கதை கேட்போர் நெஞ்சில் எளிதில் பதிந்தமைக்கு இவ்வனுபவமும் துணைசெய்திருக்கலாம்.

முடிவுரை

பாண்டிய நாட்டில் இறக்குமதிக் குதிரைகள் மிகுதியாக இறந்தன என்பதை மறுக்க வேண்டியதில்லை. வேறுபட்ட பின்னணி கொண்ட இருவர் தனித்தனியே அதனைக் குறித்துள்ளனர். ஆனால் அவர்கள் தரும் எண்கள் ஒன்றோடொன்றும், 1311ஆம் ஆண்டுச் செய்திகளோடும் பொருந்தவில்லை. அவர்கள் கூறும் காரணமாகிய அறியாமை, அவர்களே வருணிக்கும் நெய், பால், இறைச்சி ஆகியவற்றோடு முரண்படுகிறது. அவ்வுணவு முறைக்கு இந்திய நூல்மரபில் தெளிவான அடிப்படை உண்டு. விதை நீக்காத ஆண்குதிரையை விரும்பிய பண்பாடு நெடுநேரக் கட்டுமுறையை வேண்டிற்று. அக்கட்டுமுறையும் செறிந்த உணவும் ஈரவெப்பமும் ஒன்றுசேர்ந்தபோது நோய் மிகுந்தது. இழப்பை வாங்குவோர் தலையில் சுமத்திய ஒப்பந்தம் அந்நிலை நீடிக்கத் துணைநின்றது.

இம்முடிபு அக்காலப் பேணல் முறையைக் குறையற்றதாகக் காட்டுவதற்கன்று. ஒரு நிலத்திற்கு ஏற்ற மரபு மற்றொரு நிலத்தில் மாற்றமின்றிப் பின்பற்றப்பட்டபோது நேர்ந்த பிழை அதில் உள்ளது. அப்பிழையைத் திருத்தக்கூடிய பட்டறிவு, நாள்தோறும் குதிரையின் அருகே நின்ற வாதுவரிடமே சேர்ந்திருக்க வேண்டும். அவர்கள் எழுதவில்லை, அவர்களைப் பற்றி எழுதியோரும் அவர்களை வினவவில்லை. சென்னையில் 1903இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தோன்றியபோது குதிரைப் பேணல் புதியதோர் அறிவுத்துறையாக இங்கு நிலைபெற்றது. அதற்கு முன்னும் இங்குக் குதிரைகள் தேய்த்துக் கழுவப்பட்டன, பிடரிமயிர் கொய்யப்பட்டது, நோயுற்றவை கண்விழித்துக் காக்கப்பட்டிருக்க வேண்டும். கல்வெட்டுகளில் குதிரைப் பணியாளர் பற்றிய குறிப்புகளையும், நிகண்டுகளிலும் வட்டார வழக்கிலும் எஞ்சியுள்ள கொட்டில் தொழிற்சொற்களையும் தொகுத்து ஆராய்தல், அயலவர் எழுத்தில் ‘அறியாதவர்’ எனச் சுட்டப்பட்ட அம்மக்களின் அறிவை மீட்டெடுக்க உதவும்.